கழியூர்ப் பள்ளியின் சுமைப் படிவம்

திருநிறை நாட்டில் எதையும் வரிசைப்படுத்தாமல் விடுவதில்லை. யானைகளுக்கு வரிசை உண்டு, குளங்களுக்கு உண்டு, பள்ளிகளுக்கும் உண்டு. முந்நூற்றுப் பன்னிரண்டு உயர்நிலைப் பள்ளிகளில் தலைநகரின் அரண்மனைப் பள்ளி எப்போதும் முதலிடம். கடலோரத்து உப்பளங்களுக்கு நடுவே நின்ற கழியூர்ப் பள்ளி எப்போதும் கடைசி. தன் இடத்தை ஒவ்வொரு பள்ளியும் வாசலில் எழுதி மாட்டவேண்டும் என்பது சட்டம்.

கழியூரின் தலைமையாசிரியை வடிவம்மாள் அந்தப் பலகையைத் தாண்டிப் பத்தொன்பது ஆண்டுகளாகப் பள்ளிக்குள் நுழைந்துவந்தவள். அவளுடைய பிள்ளைகள் விடியற்காலையில் அளத்தில் உப்பு வாரிவிட்டு, வெடித்த கால்களோடு வகுப்புக்கு வருவார்கள். அரண்மனைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வீடு தேடியே மூன்று ஆசிரியர்கள் வருவார்கள். இரு தரப்பையும் ஒன்றாக வைத்து அளப்பது நியாயமா என்று கேட்டு அரசருக்கு மனு எழுதினாள்.

அரசர் அதைப் படித்துக் கண்கலங்கியதாக அரண்மனைக் குறிப்பு சொல்கிறது. கல்வி அமைச்சர் பல்லவராயர் உடனே சுமைப் படிவம் ஒன்றை உருவாக்கினார். வீட்டில் விளக்கு உண்டா, தகப்பனுக்குச் செருப்பு உண்டா, தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்கவேண்டும் என்று இருபத்தேழு கேள்விகள். பதில்களை வைத்து ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை மதிப்பெண் வாங்கும் என்று முன்கூட்டியே கணித்தார்கள். கணிப்பை மிக அதிகமாக மிஞ்சிய பள்ளியே சிறந்த பள்ளி.

அந்த ஆண்டு கழியூர் முதலிடம் பிடித்தது. உலகம்மை என்ற மாணவிக்குக் கணித்தது இருபத்திரண்டு. அவள் வாங்கியது நாற்பத்தெட்டு. மேளதாளத்தோடு வாசலில் புதுப்பலகை ஏறியது. வடிவம்மாள் அன்று பிள்ளைகள் முன்னால் அழுதுவிட்டாள்.

கடைசிப் பத்துப் பள்ளிகளுக்குச் சிறப்பு ஆசிரியர்களும் மதியச் சோறும் தருவது பழைய வழக்கம். கழியூர் இப்போது முதல் பள்ளி ஆகிவிட்டதால், அதன் கணக்கு ஆசிரியரையும் சோற்றையும் கடைசிப் பத்துக்குள் விழுந்துவிட்ட அரண்மனைப் பள்ளிக்கு மாற்றினார்கள். உலகம்மை மருத்துவப் பள்ளியில் சேரப் போனாள். அங்கே சுமையை யாரும் கேட்கவில்லை. அறுபது மதிப்பெண் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். அவள் திரும்பி வந்து அளத்தில் இறங்கினாள்.

வடிவம்மாள் இரண்டு நாள் பயணம் செய்து அமைச்சரைப் பார்த்தாள். முதலிடத்தில் இருக்கும் பள்ளிக்கு உதவுவது மற்றப் பள்ளிகளுக்கு இழைக்கும் அநீதி என்று அவர் பொறுமையாக விளக்கினார். உலகம்மையைப் பற்றி அவள் கேட்டதும் முகம் மலர்ந்தார்.

"அந்தப் பெண் எங்கள் எதிர்பார்ப்பை மிஞ்சிவிட்டாள், அம்மா. அதற்கு மேலும் அவளிடம் எதிர்பார்ப்பது கணிதப்படி தவறு."

அடுத்த ஆண்டுப் படிவங்கள் வந்தபோது, நாற்பத்துமூன்று பிள்ளைகளுக்கும் அவளே பதில் எழுதினாள். விளக்கு உண்டு. செருப்பு உண்டு. தண்ணீர் வாசலில். சுமை ஏதுமில்லை. அத்தனை ஆண்டுகளில் அவள் எழுதிய முதல் பொய் அதுதான். கணிப்பு உயரும், பள்ளி மறுபடி கடைசிக்குப் போகும், கணக்கு ஆசிரியர் வருவார், சோறு வரும் என்பதே அவள் எண்ணம்.

பள்ளி கடைசிக்குப் போனது. ஆனால் ஆசிரியருக்கு முன்னால் முரசு வந்தது. ஒரே ஆண்டில் கழியூரில் வறுமை ஒழிந்தது என்று அரசர் அறிவித்திருந்தார். தலைநகரில் மூன்று நாள் விழா. ஏழைகள் இல்லாத ஊருக்கு மலிவு அரிசி எதற்கு என்று, அரசு இதுவரை கொடுத்துவந்ததை நிறுத்தினார்கள். அதே காரணத்தால் ஆசிரியரும் சோறும் வரவில்லை. பெற்றோர் வெறும் அரிசிப் பைகளோடு பள்ளிக்கு வந்து, என்ன நடந்தது டீச்சர் என்று கேட்டார்கள். அவள் ஒளிக்காமல் சொன்னாள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

மறுபடி தலைநகருக்குப் போய், எழுதியதெல்லாம் பொய் என்று அமைச்சரிடம் ஒப்புக்கொண்டாள். தண்டனை கொடுத்துவிட்டு அரிசியைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டாள்.

"விழா முடிந்துவிட்டதே, அம்மா" என்றார் அமைச்சர்.

அடுத்த ஆண்டு நாட்டின் எல்லாப் பள்ளிகளுக்கும் படிவங்கள் பதில்களையும் அச்சிட்டே வந்தன. கழியூரில் அவள் எழுதிய இருபத்தேழு பதில்களும் அப்படியே அவற்றில் இருந்தன. பிள்ளையின் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். வடிவம்மாள் வகுப்பை எண்ணிப் பார்த்தாள். பதினாறு பேர் இருந்தார்கள். மற்றவர்கள் அளத்தில்.

வராத பிள்ளைகளின் பெயரையும் எழுதவேண்டுமா என்று, படிவங்களைக் கொண்டுவந்த எழுத்தரிடம் கேட்டாள்.

"முதலில் அவர்கள் பெயரை எழுதுங்கள், அம்மா. படிப்புச் சுமைகூட இல்லாத பிள்ளைகள் அவர்கள்தானே" என்றார் அவர்.