மூன்று மேரியும் ஒரு குறிச்சொல்லும்

முந்தநாள் பௌர்ணமி, போயா லீவு. செய்ய இருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். என்ர வலைப்பதிவில கிடக்கிற பழைய பதிவுகளுக்கு, தேடினா உடன வாற மாதிரிக் குறிச்சொல் போடுறது.

"கோட்டையடியில மேயிற மான் பற்றி எழுதினதைத் தேடினா கணவாய்க் கறி வருது அண்ணை" எண்டு ஒரு வாசகர் நக்கலடிச்சிருந்தார். எனக்கு ரோசம் வந்திட்டுது. அலுமாரியில உடுப்பு அடுக்கத் தெரியாத நான், பதிவு அடுக்க வெளிக்கிட்டன்.

மான், மழை, துறைமுகம் எல்லாம் லேசாப் போச்சுது. மேரியில வந்து சிக்கினன்.

எங்கட மாதா கோயில் பங்கில தடக்கி விழுந்தா ஒரு மேரியின்ர காலடியிலதான் விழ வேணும். பதிவுகளில எல்லாரையும் மரியாதையா "மேரி அக்கா" எண்டுதான் எழுதியிருக்கிறன். இப்ப எந்த மேரி எந்தப் பதிவில எண்டு எப்பிடிப் பிரிக்கிறது?

அதுக்கு எங்கட சனம் எப்பவோ வழி கண்டிட்டுது. ஆளுக்கொரு பட்டப்பெயர். முகத்துக்கு முன்னால ஒருத்தரும் சொல்லமாட்டினம். ஆள் வாசல் படலையைத் தாண்டினாப் பிறகு வேற பெயர் வாயில வராது.

பாட்டுக்குழுவில உச்சத்தில பாடுறவ சத்த மேரி. பூனை வளர்க்கிறவ பூனை மேரி. அன்புவழிபுரத்தில சட்டை தைக்கிறவ, எப்ப கேட்டாலும் "நாளைக்குத் தாறன் தம்பி" எண்டு சொல்லுறபடியால், நாளைக்கு மேரி.

அப்பிடியே போட்டன். குறிச்சொல் எண்டது எனக்கு மட்டும் தெரியிற அடையாளம் எண்டுதான் நினைச்சனான்.

அடுத்த நாள் காலமை என்ர மனிசி ஜெசிந்தா குசினியில இருந்து போனோட வந்தா. வாற ஞாயிறு மகளுக்குப் புதுநன்மை, கோயிலில முதல்முதலா அப்பம் வாங்கிற நாள். வெள்ளைச் சட்டை அந்தத் தையல் மேரி அக்காவிட்டத்தான் கிடக்குது.

"மேரி அக்கா போன் எடுத்தவ."

"சட்டை முடிஞ்சுதாமோ?"

"சட்டைக் கதையே இல்லை. கனடாவில இருக்கிற மகள் உங்கட பக்கத்தைக் காட்டினவளாம். அம்மாவைப் பற்றி நல்லா எழுதியிருக்கினம் எண்டு."

"பிறகென்ன, நல்லதுதானே?"

"ஓரத்தில பெரிய எழுத்தில நாளைக்கு மேரி எண்டு கிடக்காம். அது ஆரெண்டு கேக்கிறா."

ஓடிப்போய்ப் பாத்தன். போட்ட குறிச்சொல் எல்லாம் உலகத்துக்கே தெரியிற மாதிரி வரிசையா நிக்குது. அதிகம் பாவிச்ச சொல் அதிகம் பெரிசாத் தெரியுமாம். சட்டை கெதியா வரட்டும் எண்டு அவவைப் புகழ்ந்து பதிவுக்கு மேல பதிவு போட்டனான். அதால அவவின்ர பெயர் கடைப் பலகை மாதிரி நிக்குது. துறைமுகம் அதுக்குக் கீழ எறும்பளவில.

"ஞாயிற்றுக்கிழமை பிள்ளை பள்ளிக்கூடச் சட்டையோட நன்மை எடுத்தா, நான் கோயிலுக்கு வரமாட்டன். நீங்களே பதில் சொல்லுங்கோ" எண்டா ஜெசிந்தா.

சொல்லை அழிச்சுப்போட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தன்.

மேரி அக்கா மெசினில இருந்து தலை நிமிரேல்ல. கதிரையைக் காட்டினா. மேசையில எங்கட வெள்ளைத் துணி, வாங்கின மடிப்புக் கலையாமல் கிடக்குது. எனக்கு அழுகை வரப் பாத்துது.

"ஆர் தம்பி அந்த நாளைக்கு மேரி?"

"அது அக்கா... நாளைக்குப் பெரிய ஆளா வருவா எண்ட கருத்தில..."

"எனக்கு அறுபது வயசு. இனி எப்ப வாறது?"

நான் குனிஞ்சு தரையில கிடந்த நூலைப் பொறுக்கினன்.

"ஊரில எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுறவையோ?"

"இல்லை அக்கா, நான் மட்டும்தான்."

பங்குச் சனத்தின்ர பாவம் முழுக்க என்ர தலையில ஏறினது அப்பதான். அவ எழும்பிக் கத்திரிக்கோலை எடுத்தா. நான் கதிரையைக் கொஞ்சம் பின்னால இழுத்தன். அவ துணியை விரிச்சு வெட்டத் தொடங்கினா.

"வீட்ட போங்கோ. இண்டைக்குத் தாறன்."

பின்னேரம் ஆட்டோ பிடிச்சுத் தானே கொண்டுவந்தா. கழுத்தில லேஸ், கையில சின்னச் சின்ன முத்து. மகள் போட்டுட்டுக் கழட்டமாட்டன் எண்டு நிண்டாள். ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கிட்டுது. எனக்கும்தான், ஆனா எனக்குப் பயம் விட்ட கண்ணீர்.

"இதைப் படமெடுத்துப் போடுங்கோ தம்பி. கீழ இண்டைக்கு மேரி எண்டு போடுங்கோ."

அவ பக்கத்தில நிண்டு பாக்கப் பாக்கப் போட்டன்.

இண்டைக்குக் காலமையில இருந்து போன் ஓயேல்ல. எல்லாம் புதுநன்மைப் பிள்ளையளின்ர தாய்மார்தான். எல்லாருக்கும் ஒரே கதை.

"தம்பி, எங்கட பிள்ளையின்ர சட்டையும் இன்னும் வெட்டாமல் அவவிட்டத்தான் கிடக்கு. அந்தப் பழைய பெயரை ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் திருப்பிப் போட்டு விடுங்கோவன்."