மூன்று சுற்றார் சீஸ்மலை கண்ட படலம்

வரைபட அலுவலகத்தில் முப்பத்தோராண்டு பென்சில் முனைகளைச் சீவிச் சீவி வீழ்த்திய வித்தகர், குடையை மறந்த நாளிலும் கோபத்தை மறவாத கோமான், மனைவியின் ஒற்றைக் கண்ணசைவுக்கு மட்டுமே அஞ்சும் மாவீரர், நம் தலைவர் வாழ்க! நீங்களும் ஒருமுறை சொல்லிவிடுங்கள் கண்ணுகளா, வாழ்த்தினால் வாய் தேய்ந்துவிடாது.

அவர் மீண்டும் படையெடுத்த களம் எது? மணநாள்தோறும் மனையாளோடு சென்று, தக்காளிச் சாற்றில் நீராடிய பாஸ்தாவை உண்டு உள்ளங்குளிர்ந்த இத்தாலிய உணவகம். நட்டநடுப் பகலிலும் மெழுகுவத்தி ஏற்றி, உண்ண வந்தோர் விலைப்பட்டியலைப் படித்துவிடாதபடி காக்கும் உயர்குடி உணவகம். கை துடைக்கும் துணியை அன்னப்பறவையாக மடித்துவைத்து, அதைக் கலைக்கும் பாவத்தை விருந்தினர் தலையில் கட்டும் தருமத்தலம். அங்கேதான் சென்ற மாதம், மகனுக்குப் பெண் கொடுத்த சம்பந்தியைப் பெருந்தன்மையோடு அழைத்துப்போய்த் தம் புகழுக்குத் தாமே குழி வெட்டிக்கொண்டார்.

அவ்விடத்து முறையைச் சொல்லிவிடுகிறேன், தங்கங்களா. தட்டு வந்ததும் பரிசாரகர் ஒருவர் கைப்பிடி வைத்த துருவியில் சீஸ் கட்டியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்பார். சுற்றத் தொடங்குவார். நீங்கள் "போதும்" என்னும்வரை நிறுத்தமாட்டார். அவ்வளவுதான். இதில் என்ன போர் என்கிறீர்களா? அன்று நம் தலைவர் மூன்றாம் சுற்றிலேயே "போதும்" என்றார். சம்பந்தியோ ஓய்வுபெற்ற பல் மருத்துவர். பிறர் வாயைத் திறக்கவைத்தே பழகித் தம் வாயை மூட மறந்த பெருந்தகை. அவர் பதினான்கு சுற்றுவரை புன்னகைத்தபடி வீற்றிருந்தார். அதன்பின் எந்த வீட்டு வாசலை மிதித்தாலும் "வாங்க, மூணு சுத்து!" என்றே வரவேற்பு. தலைவரின் உடன்பிறந்த அக்காளே தொலைபேசியில், "ஏன்டா, மூணு சுத்துன்னா என்னடா? குடும்பமே உன்னை அப்படித்தான் சொல்லுது" என்று கேட்ட அன்று அவர் மீசை துடித்தது. அந்தப் பட்டப்பெயரைத் தொலைக்காமல் தூங்கேன் எனச் சூளுரைத்து, அதே சம்பந்தியை அதே மேசைக்கு மறுபடியும் அழைத்தார்.

தட்டு வந்தது. கருமேலங்கி தரித்த கடமைக்குன்றாகப் பரிசாரகரும் வந்தார். துருவியின் வயிற்றில் சோப்புக்கட்டி அளவு பொன்னிறச் சீஸ்.

"பாத்துச் சுத்துப்பா, மூணுக்கு மேல எங்க சம்பந்திக்கு நெஞ்சு தாங்காது" என்று முதல் அம்பை விடுத்தார் பல் மருத்துவர்.

"சுத்துங்க! நான் சொல்றவரைக்கும் சுத்துங்க!" எனத் தலைவர் முழங்கிய முழக்கத்தில் பக்கத்து மேசையில் ஒருவருக்குச் சூப்பு சிந்தியது.

தொடங்கியது துருவற்பெரும்போர்! மூன்று கடந்து, பதினான்கு கடந்து, கார்முகில் கிழிந்து ஆலங்கட்டி சொரிந்தாற்போல் சீஸ் பொழிய, முப்பதில் தக்காளிச் செங்கடல் வற்ற, நாற்பதில் உச்சியில் நட்டிருந்த பச்சிலைக் கொடி சாய, ஐம்பதில் பாஸ்தாப் படை முழுதும் வெண்மணற்புயலில் அகப்பட்ட யானைப்படைபோல் தடமின்றிப் புதைய, பரிசாரகரின் வலக்கை சோர்ந்து இடக்கை அரியணை ஏறியது. சமையலறைக் கதவிடுக்கில் வெள்ளைத் தொப்பிகள் முளைத்தன. "போதும்" என்னும் சொல் தலைவரின் தொண்டைவரை ஏறி, பற்கோட்டை வாசலில் முட்டி, வந்தவழியே திரும்பிப்போனது.

மனையாள் மேசைக்கடியில் காலை இடித்தார். "ஏங்க, உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை? அந்த மனுஷனுக்குக் கை வலிக்காதா?"

"நீ சும்மா இரு."

முப்பதாண்டு இல்லறத்தில் ஒருநாளும் மொழிந்திராத மூன்று சொற்கள்! வீரம் ஏறிவிட்டால் வீட்டுக்குத் திரும்பவேண்டும் என்பதுகூட மறந்துபோகிறது, பாருங்கள்.

அறுபத்தெட்டாம் சுற்றில் வெறும் கைப்பிடிதான் சுற்றியது. பரிசாரகர் துருவியைக் கவிழ்த்துத் தட்டினார். ஒரு துகள் விழுந்தது. "தீந்துபோச்சு சார். பதினேழு வருஷத்துல யாரும் இதைத் தீர்த்ததில்ல" என்று ஆயுதம் தாழ்த்தித் தலைவணங்கினார். முரசு முழங்கியதோ, அடுப்படியில் யாரேனும் அண்டாவைப் போட்டார்களோ, எட்டுத்திசையும் அதிர்ந்தது. பல் மருத்துவர் இரு கையும் கூப்பினார்.

"தோத்துட்டேன் சம்பந்தி! இனிமே அந்தப் பேரைச் சொன்னா என் பல்லு கொட்டிப்போகட்டும்." பிறகு, நோயாளியை நாற்காலியில் சாய்க்கும் அதே கருணையோடு முள்கரண்டியை எடுத்துத் தலைவர் கையில் திணித்தார். "எங்க, சாப்பிடுங்க. நாங்க கண்ணாரப் பாக்கணும்."

பழி துடைத்த பெருமிதம் நெற்றியில் சுடர, தொப்பியணிந்த சான்றோர் சாட்சிநிற்க, சூப்பு சிந்தியவரும் நாற்காலியைத் திருப்பிப்போட்டு நோக்க, வலக்கையில் முள்கரண்டி வேலென மின்ன, வெண்பனிச் சிகரமென ஓங்கிநின்ற அந்தச் சீஸ்மலையின் முன் நெஞ்சு நிமிர்த்தி அமர்ந்தார் நம் தலைவர்.

அவருக்குச் சீஸ் பிடிக்காது.