மிராசுதார் வயலில் ஸ்பானிஷ் அரிச்சுவடி

ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் எழுதியிருப்பது பொய். எங்கள் ஊர் அறுப்புத் தகராறை ஒரே அதட்டலில் அடக்கியதாகப் போன வாரம் இந்தப் பத்திரிகையில் எழுதியிருக்கிறீர்கள். அன்று உங்கள் அதட்டலை எந்த மனிதனும் சட்டை செய்யவில்லை. அடக்கியது எங்கள் ஒலிபெருக்கிக்காரர் மைக்செட்டு. அவரைப் பற்றி ஒரு வரிகூட நீங்கள் எழுதாததால் நான் எழுதுகிறேன்.

மைக்செட்டைப் போல ஒலிபெருக்கியைக் காதலித்த ஆள் காவிரித் தண்ணீர் பாயும் ஊர் எதிலும் பிறந்ததில்லை. மன்னார்குடிக்குக் கிழக்கே கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், விவசாயத் தொழிலாளர் சங்கக் கூட்டம் எதுவானாலும் தென்னைமரத்தில் ஏறிக் குழாய் கட்டுவது அவர்தான். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே ஞாபகம் இருந்திருக்காது.

ஒருமுறை நாகப்பட்டினத்தில் கப்பல்காரன் எவனோ விற்றுவிட்டுப் போன பழைய இசைத்தட்டுகளைக் கட்டோடு வாங்கி வந்தார். அவற்றில் ஒன்று பாட்டு இல்லை. ஸ்பானிஷ் எழுத்துகளை எப்படி உச்சரிப்பது என்று ஓர் அம்மாள் நிதானமாகச் சொல்லித்தரும் தட்டு. மைக்செட்டு அதைத் தேயத் தேயக் கேட்டார். அதன்பிறகு எந்த விசேஷத்திலும் அவர் “ஹலோ, ஒன், டூ, த்ரீ” சொல்லவில்லை. “ஆ... பே... சே...” என்றுதான் மைக்கைச் சோதிப்பார்.

“ஏன்யா, தஞ்சாவூர் ஜில்லாவுல இந்தப் பாஷைய யாருகிட்டய்யா பேசப் போற?” என்று கேட்டேன்.

“பேசுறதுக்கு யாரு படிச்சா? ஒன், டூ, த்ரீல உதடு ஒட்டுதா பாருங்க. ஒட்டாது. இதுல உதடு, நாக்கு, தொண்டை எல்லாத்துக்கும் வேலை இருக்கு. அத்தனையும் குழாய்ல சுத்தமா வந்தா மெஷின் நல்லாருக்குன்னு அர்த்தம்.”

ஆளுங்கட்சிக் கூட்டத்தில் வட்டச் செயலாளர் மேடையிலிருந்து பாய்ந்து வந்தார். “யோவ், நம்ம மேடையிலயே இந்தியா?”

“இந்தி இல்லண்ணே, ஸ்பானிஷ்.”

“இந்தி இல்லேல்ல? அப்ப நடத்து.”

எழுத்துகளுக்கு அவர் சொல்லும் விளக்கம்தான் எங்களுக்குப் பிடிக்கும். ‘ஹோத்தா’ என்றொரு எழுத்து. தொண்டையில் கெண்டை முள் சிக்கியவன் காறுவது போல அடியிலிருந்து எடுக்க வேண்டும். ‘ஆச்சே’ என்று இன்னொன்று. அதற்குப் பெயர் உண்டு, வரிசையில் இடம் உண்டு, சொல்லுக்குள் வந்தால் சத்தம் கிடையாது. “வயல்ல கால் வைக்காத மிராசுதாருங்க அது” என்பார்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் குறுவை அறுப்புக்குச் சங்கத்துக்காரர்கள் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள். மிராசுதார் மறுத்துவிட்டு வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார். வரப்புக்கு அந்தப் பக்கம் மிராசுதாரும் அவர்களும், இந்தப் பக்கம் எங்கள் ஆட்கள், எல்லார் கையிலும் அரிவாள். முன்வரிசையில் என் அண்ணன் நின்றான். அவன் பின்னால் நான். அண்ணன் கோபக்காரன். எதிரில் எவனாவது ஓர் அடி எடுத்து வைத்தால் அன்றோடு எங்கள் குடும்பம் முடிந்திருக்கும். சங்கத் தலைவரோ தாசில்தாரிடம் பேச மன்னார்குடி போயிருந்தார். கூட்டத்தைக் கட்டுப்படுத்த ஆள் இல்லை. நீங்கள் நாலைந்து போலீசாரோடு வந்து, ஒலிபெருக்கியில் யாரும் பேசக்கூடாது என்று உத்தரவு வாசித்தீர்கள்.

சங்கத்துக்காக மைக்செட்டு கட்டியிருந்த தென்னைமரத்துக் குழாய் கரகரத்தது. “ஆ... பே... சே...”

“யோவ், பேசக்கூடாதுன்னு இப்பதானே சொன்னேன்?”

“பேசலீங்கய்யா. டெஸ்ட் பண்றேன்.”

“எவ்வளவு நேரம்யா டெஸ்ட் பண்ணுவ?”

“சத்தம் சரியா வர்ற வரைக்குங்க.”

ஸ்பானிஷ் எழுத்துக்குத் தடை உண்டா என்று நீங்கள் உத்தரவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். ‘ஆச்சே’ வந்ததும் எங்கள் பக்கம் அத்தனை பேரும் மிராசுதாரைப் பார்த்துச் சிரித்தோம். அவிழ்ந்துவிட்டதோ என்று அவர் வேட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு பெண்கள் மைக்செட்டோடு சேர்ந்து சொல்ல ஆரம்பித்தார்கள். வெளியூர் ஆட்களில் ஒரு கிழவர் “அது என்ன எழுத்துப்பா, இன்னொருக்கா சொல்லு” என்று கேட்டார். மைக்செட்டு சொன்னார். ‘ஹோத்தா’வில் இரண்டு பக்கமும் சேர்ந்து காறியது. என் அண்ணனும் காறினான். காறிக்கொண்டே அரிவாளை இடுப்பில் செருகினான். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

முதலிலிருந்து கடைசிவரை, மறுபடி முதலிலிருந்து என்று, சங்கத் தலைவரோடு தாசில்தார் ஜீப் வரும்வரை மைக்செட்டு நிறுத்தவில்லை. கூலி ஒத்துக்கொள்ளப்பட்டது. வெளியூர் ஆட்கள் வந்த லாரியிலேயே திரும்பினார்கள். அரிவாள்கள் நெல்லைத்தான் அறுத்தன. அண்ணன் இன்றைக்கும் பேரப்பிள்ளைகளைத் திட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறான். மைக்செட்டு தொண்டை கட்டி, கொஞ்ச நாள் எல்லாரிடமும் கையால் பேசினார்.

மைக்செட்டு இப்போது இல்லை. ஆனால் எங்கள் ஊரில் இன்னும் எவனும் “ஒன், டூ, த்ரீ” சொல்லி மைக்கைச் சோதிப்பதில்லை.

ஐயா, நான் உங்களுக்கு ஒரு கை தூரத்தில்தான் நின்றேன். மீசைக்குக் கீழே உங்கள் வாய் அசைந்ததைப் பார்த்தேன். நீங்களும் ‘ஹோத்தா’ சொன்னீர்களா, இல்லையா? இதே பத்திரிகையில், எல்லாரும் படிக்கும்படி பதில் எழுதுங்கள்.