ஆறு பேர் டேபிள் நுழையாத வீடு

ஆறு பேர் உட்காரும் டைனிங் டேபிள் என் வீட்டுக்குள் நுழையக் கூடாது. இது என் சபதம். காரணம், தாண்டவராயன்.

தாண்டவராயன் என் சகலை. என் மனைவி அம்சவல்லியின் அக்கா ரத்னாவைக் கட்டியவர். நாங்கள் சேரப்பணஞ்சேரி, அவர்கள் மணிமங்கலம். நான் ஒரகடத்தில் கார் கதவுக்குக் கைப்பிடி செய்கிற சின்னக் கம்பெனியில் தரம் பார்ப்பவன். அவர் அந்தக் கைப்பிடியை வாங்கி மாட்டுகிற பெரிய கம்பெனியில் தரம் பார்ப்பவர். அதாவது, நான் ஓகே போட்டு அனுப்புவதை ரிஜெக்ட் போட்டுத் திருப்பி அனுப்பச் சம்பளம் வாங்குகிறவர். கம்பெனியில் அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக் கோழிக் காலைக் கடித்துக்கொண்டே, "இந்த வாரம் உங்க லாட்ல எத்தினி போச்சு தெரியுமா சகல?" என்று ஆரம்பித்தால் எந்த மனிதன் தாங்குவான்?

நல்ல வேளை, எங்களிடம் இருப்பது நாலு பேர் டேபிள். நாங்களே நாலு பேர். சகலைக்கு முட்டி வலி, தரையில் உட்கார மாட்டார். அதனால் அவர் வருகை பொங்கலுக்குப் பொங்கல் என்று நின்றிருந்தது. என் ஞாயிற்றுக்கிழமைகளைக் காப்பாற்றி வந்தது அந்த டேபிள்தான்.

அந்த டேபிளின் மேல் மைக்கா உரிய ஆரம்பித்தது. ஓரமெல்லாம் தண்ணீர் குடித்து உப்பிவிட்டது. சட்டையை முழங்கையில் பிடித்து இழுத்தது. பெரிய டேபிள் கேட்டு அம்சவல்லி ஒரு வருஷமாக நச்சரித்தாள். நான் காது கேட்காதவனாக இருந்தேன். திடீரென்று ஒரு நாள் அவளே சொன்னாள்.

"புச்சு வாணாங்க. இது மேலயே சீப்பா எதனா ஒட்டிக்கலாம்."

எனக்குச் சந்தேகம் தட்டியது. கம்பெனியில் தினமும் கத்துகிற மெஷின் ஒரு நாள் சத்தமில்லாமல் ஓடினால், நாங்கள் உடனே நிறுத்திவிட்டு மூடியைக் கழற்றிப் பார்ப்போம்.

"நெஜமாவா சொல்ற?"

"நெஜமாதான்."

"ஆறு பேர் டேபிள் கேட்டுக்கினு இருந்தியே, அது?"

"எதுக்கு? நாம நாலு பேருதான கீறோம்."

என் வாதத்தை எடுத்து என்னிடமே சொன்னாள். சந்தேகம் இரண்டு மடங்கானது. ஆனாலும் அவள் மனம் மாறுவதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று களத்தில் இறங்கினேன். பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு போட்டுப் பார்த்தோம். சாம்பார் பட்டால் தட்டை எடுக்கும்போது விரிப்பும் கூடவே எழுந்து வந்தது. கண்ணாடி போடலாம் என்றால் டேபிள் காலுக்கு அந்தத் தெம்பு இல்லை. புது மைக்கா ஒட்ட ஆசாரியைக் கூப்பிட்டால், அவர் டேபிளைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். மிச்சம் இருந்தது சலவைக்கல் டிசைன் ஸ்டிக்கர்.

படப்பையில் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற டில்லிபாபு கடைக்குப் போனோம். "ரெண்டு மீட்டர் வெட்டுப்பா" என்றேன்.

"முழு ரோலா குடுங்கண்ணா" என்றாள் அம்சவல்லி.

"முழு ரோலு எதுக்கு?"

"பின்னால எங்கனா கிழிஞ்சா இதே டிசைன் கெடைக்குமா?"

கெடைக்காது. அவள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வீக் ஆஃப் அன்றைக்கு உட்கார்ந்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பள்ளத்துக்குப் பட்டி பார்த்தேன். சோப்புத் தண்ணீர் தெளித்து, கம்பெனி ஐடி கார்டால் தள்ளித் தள்ளி ஒட்டினேன். ஒரு குமிழ் இல்லை. எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி போனது. அம்சவல்லி வேண்டுமென்றே கொதிக்கிற குக்கரை மேலே வைத்துப் பொசுக்கிவிட்டு, "பாத்தீங்களா, புச்சுதான் வாங்கணும்" என்று சொல்லப்போகிறாள். அதுதான் திட்டம். நான் மறைந்திருந்து கவனித்தேன். அவளோ துணியை மடித்துப் போட்டு, அதன் மேல் குக்கரை வைத்தாள். பிள்ளைகள் ஸ்பூனால் கீறினால் அதட்டினாள். என்னைவிட அவள் டேபிளை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். எதையும் கண்டுபிடிக்க முடியாமல் நான் இளைத்துப்போனேன்.

அடுத்த ஞாயிறு வாசலில் ஒரு குட்டி யானை வண்டி வந்து நின்றது. அதிலிருந்து ஒரு டேபிள் இறங்கியது. அச்சு அசல் என் பழைய டேபிள். பாரபட்சம் கூடாது என்று மாமனார் இரண்டு மகள்களுக்கும் ஒரே கடையில் ஒரே மாதிரி எடுத்துக் கொடுத்த சீர். பின்னாலேயே பைக்கில் சகலையும் ரத்னாவும்.

"அக்காளுதும் உரிஞ்சி பூச்சுங்க. நீங்க ஒட்னத போட்டோ எடுத்து அனுப்சேன். மாமாவே அசந்துட்டாரு" என்றாள் அம்சவல்லி.

"ஒட்டி முடிச்சதும் எடுத்துனு பூடுவாங்க இல்ல?"

"பின்ன? வண்டிய நிக்க வெச்சிருக்கேன், போய்க் கேளுங்க."

போய்க் கேட்டேன். "ஆமா சார், ஏத்தச் சொன்னா ஏத்திக்கினு போறேன்" என்றார் டிரைவர். அப்புறம்தான் உப்புத்தாளைத் தொட்டேன்.

டிசைன் ஒத்துப்போக வேண்டும் என்று அதை எங்கள் டேபிளுக்குப் பக்கத்திலேயே சேர்த்துப் போடச் சொன்னாள் அம்சவல்லி. நியாயம்தான். கம்பெனியிலும் மாதிரியைப் பக்கத்தில் வைத்துத்தான் வேலை செய்வோம். முடித்தேன். சலவைக்கல்லின் சாம்பல் நரம்பு இந்த டேபிளிலிருந்து அந்த டேபிளுக்கு வழுக்கிக்கொண்டு ஓடியது.

தாண்டவராயன் கண்ணாடியை மாட்டினார். குனிந்தார். நகத்தால் தடவினார்.

"ஒட்டு பரவால்ல சகல. நடுவுல கேப் கீதே."

"அது ரெண்டு டேபிளுங்க. கேப் இருக்காதா?"

"கைப்பிடியும் கதவும் கூட ரெண்டுதான். இந்த மொனையில ஒரு அளவு கேப்பு, அந்த மொனையில வேற அளவு கேப்பு. எங்க லைன்ல இது ரிஜெக்ட்டு."

"வுடுங்க மாமா" என்றாள் அம்சவல்லி. "அவருக்கு அவ்ளோதான் வரும். நான் வண்டிக்காரர கூப்புடறேன்."

என் வீட்டில், என் மனைவி முன்னால், ரிஜெக்ட். உடம்பெல்லாம் எரிந்தது.

"வண்டிய நிக்கச் சொல்லு" என்றேன்.

இரண்டு டேபிளையும் நெருக்கினேன். அடியில் படுத்துத் தகடு வைத்து ஸ்க்ரூ முடுக்கினேன். இடுக்கில் பட்டி வைத்து இழைத்தேன். அது காயும்வரை யாரையும் மூச்சுவிட விடவில்லை. முன்பு ஒட்டியதை எல்லாம் உரித்துப் போட்டுவிட்டு, மிச்ச ரோலை ஒரே நீளமாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒட்டினேன்.

சகலை கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினார். திரும்பவும் தடவினார்.

"ஓகே, சகல."

அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் ஓகே. என் கண் கலங்கியது உண்மை. ரத்னா கை தட்டினாள்.

வெற்றிக் களிப்பில் வாசலைப் பார்த்து, "டிரைவர், டேபிள ஏத்துப்பா" என்றேன்.

"எத ஏத்தச் சொல்றீங்க?" என்றாள் அம்சவல்லி, பொறுமையாக. "அக்காளுது எது, நம்முது எதுன்னு காட்டுங்க. குடுத்து அனுப்பிடலாம்."

நான் பார்த்தேன். இந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். எட்டு பேர் உட்காரும் டேபிள் ஒன்று என் ஹாலில் நின்றுகொண்டிருந்தது.

வாசலில் டிரைவர் தார்ப்பாயை விலக்கினார்.

"அக்கா, அப்ப காலையில சொன்ன மாதிரி சேர் நாலயும் எறக்கிடட்டுங்களா?"

"எறக்குங்கண்ணா. எங்க வூட்டுக்காரரு ஒரு கை புடிப்பாரு."

பிடித்தேன்.