நெடுஞ்செழியன் ஓட்டிய கீரி

இதை எனக்கு முதலில் சொன்னவள் ஹமீதா பானு. போன ஐப்பசியில், பாபநாசம் பஸ் ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது சொன்னாள். நெடுஞ்செழியனுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவள். நான் சேர்த்தது கொஞ்சம்தான். அதுவும் ஆண்டவன் மன்னிக்கிற அளவுக்குத்தான்.

நெடுஞ்செழியனுக்கு ரெண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் முற்றியே போயிருந்தது. அது ஊருக்கே தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. ஒருநாள் வயலிலிருந்து வந்தவர் கோபமாகச் செருப்பை உதறினார்.

"சித்தீக் பாய்க்கு என்ன ஆச்சு? 'சௌக்கியமா பாய்'னு கேக்குறேன். ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறார்."

வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஹமீதா பானு எட்டிப் பார்த்தாள். "அண்ணே, எங்க வீட்டுக்காரர் காலையிலயே கும்பகோணம் போயிட்டார். நீங்க விசாரிச்சது காக்கா விரட்ட வெச்ச வைக்கோல் பொம்மையை."

அவர் மனைவி செம்மொழி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

"தஞ்சாவூர் கண் ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போயிட்டு வந்துடலாங்க."

"எதுக்கு? பொம்மைக்குப் பாய் சட்டையை மாட்டி வெச்சா யாருக்கும் அப்படித்தான் தெரியும்."

உள்ளபடி விஷயம் பயம். கண்ணுக்குள் ஊசி விடுவார்கள் என்று டீக்கடையில் யாரோ சொன்னதிலிருந்து, ஆஸ்பத்திரிப் பேச்சு வந்தாலே அவருக்கு வயலில் அவசர வேலை வந்துவிடும்.

இந்த நேரத்தில்தான் கீரி வந்து சேர்ந்தது. சென்னையில் வேலை பார்க்கும் மகள் எழில்மொழி, சித்திரை லீவுக்கு வந்தவள், உள்ளங்கை அளவு வீடியோ கேம் ஒன்றை மறந்துவிட்டுப் போனாள். அதில் ஒரு சிவப்புக் கீரி. ஓடும், தாவும், நட்சத்திரம் பொறுக்கும். பொழுது போகாமல் பட்டனை அழுத்திப் பார்த்த நெடுஞ்செழியன், வாயைத் திறந்தவர் மூடவில்லை.

என்ன ஓட்டம். மதகைத் தூக்கியதும் தண்ணீர் சீறுமே, அந்தச் சீற்றம். விரல் அழுந்துவதற்கும் கீரி எகிறுவதற்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி கிடையாது. வட்டமான பாதையில் தலைகீழாக ஓடுகிறது, கீழே விழுவதில்லை. மேகத்தில் கால் வைத்தால் மேகம் அமுங்கி மேலே தள்ளிவிடுகிறது. 'மனுஷன் மூளைக்குள்ள சாமி எதையெல்லாம் வெச்சிருக்கு' என்று அவருக்குக் கண் கலங்கியது. புரை முற்றிய கண்ணும் சேர்ந்தேதான் கலங்கியது.

குறையும் இருந்தது. திரை சின்னது, கீரி ஓடுவது நடுவில். முன்னால் தெரிவதெல்லாம் ரெண்டு விரக்கடை தூரம்தான். அந்த வேகத்தில் பள்ளம் இருக்கிறது என்று தெரியும்போது கீரி பள்ளத்துக்குள் இருக்கும். மூன்றாவது கட்டத்து முள் பள்ளத்தில் அவர் விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். மகளுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார்.

"எழிலு, எல்லாம் பிரமாதமா செஞ்சிருக்கான். ஆனா குழி வெட்டினா ஒரு அடையாளம் வைக்க வேணாமா?"

"அந்தப் பள்ளத்துக்கு முன்னாடி பெருசா மஞ்சள் அம்புக்குறி இருக்குமேப்பா. பாக்கலியா?"

அடுப்படியில் தாளிக்கிற சத்தம் நின்றது.

"பாத்தேன், பாத்தேன்" என்றார் நெடுஞ்செழியன். "சும்மா உன்னைச் சோதிச்சேன்."

போனை வைத்ததும் செம்மொழி கரண்டியோடு வந்து நின்றாள்.

"அம்பு தெரியுதா உங்களுக்கு?"

"தெரியாம? கண்ணாடி மாதிரித் தெரியுது."

"அப்ப என் எதிர்ல அந்தப் பள்ளத்தைத் தாண்டுங்க. தாண்டிட்டா ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்க மாட்டேன். விழுந்தா மறுபேச்சு இல்லாம வரணும்."

"ஆடி மாசத்துல ஆஸ்பத்திரியா?"

"காட்டிட்டு வர்றதுக்கு ஆடி என்ன, ஆவணி என்ன. வெள்ளிக்கிழமை வெச்சுக்குவோம். அம்மனுக்குக் கூழ் ஊத்துற நாள், பொய் சொல்ல முடியாது."

நெடுஞ்செழியன் ஒத்துக்கொண்டார். ஏனென்றால் அவர் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். கீரி எவ்வளவு வேகமாக ஓடினாலும் பள்ளம் இடம் மாறுவதில்லை. பின்னால் வருகிற பாட்டும் மாறுவதில்லை. தடதட தடதட என்று போய், 'தங்' என்று ஒரு அடி விழும். அந்த 'தங்'கில் எகிறினால் பள்ளத்துக்கு அந்தப் பக்கம். கண் எதற்கு, காது போதும்.

மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து பயிற்சி நடந்தது. வயலுக்குத் தண்ணீர் பாய்ந்ததோ இல்லையோ, கீரி பாய்ந்தது. தினமும் பள்ளத்தைத் தாண்டினார். பல் துலக்கும்போது வாயில் தடதட. சோறு பிசையும்போது தடதட, 'தங்'குக்குக் கட்டைவிரல் எகிறி ரசம் தெறித்தது. செம்மொழி எதிரில் உட்கார்ந்து ரசத்தைத் துடைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமலிருந்தால் பயப்பட வேண்டும் என்பது இத்தனை வருஷத்தில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் வந்து நின்றாள்.

"ஏங்க, கோயில்காரங்க வந்திருக்காங்க. நம்ம வாசல் தென்னை மரத்துல மைக் செட் குழாயைக் கட்டிக்கவான்னு கேக்குறாங்க. வருஷா வருஷம் நீங்க வேணாம்பீங்க."

ஜெயிக்கப் போகிறவருக்கு மனசு விசாலமாக இருந்தது. "தாராளமா கட்டிக்கச் சொல்லு. நம்ம அம்மனுக்கு இல்லாத மரமா?"

மறுநாள் ஹமீதா பானு சாட்சியாக வந்து நாற்காலியில் அமர்ந்தாள். நெடுஞ்செழியன் குளித்து, திருநீறு பூசி, கேமைக் கையில் எடுத்தார். கீரி முதல் கட்டத்தைத் தாண்டியது. இரண்டாவது கட்டத்தையும் தாண்டியது. ஹமீதா பானுவே "அல்லாவே, என்னமா ஓட்டுறார்" என்று முணுமுணுத்தாள். மூன்றாவது கட்டம் ஆரம்பித்தது. தடதட தடதட.

அப்போது கோயிலில் கூழ் கொதித்து இறங்கியது. தென்னை மரத்துக் குழாய் வாயைத் திறந்தது. அம்மன் பாட்டு வீட்டுக்குள் வந்து, பீரோ கண்ணாடியை ஆட்டி, அவர் நெஞ்சுக்குள் புகுந்தது. கேமைக் காதோடு ஒட்டி வைத்தார்.

"என்னங்க, காதுல வெச்சுப் பாக்குறீங்க?" என்று செம்மொழி கத்திக் கேட்டாள்.

"சத்தம் கேக்கலை. கொஞ்சம் குறைக்கச் சொல்லேன்."

"அம்மன் பாட்டையா? நீங்கதானே தாராளமான்னீங்க. அதோட, கண்ணால பாத்துத்தானே தாண்டப் போறீங்க? சத்தம் எதுக்கு?"

நெடுஞ்செழியனுக்குப் பதில் இருந்தது. ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னால் கண் தெரியவில்லை என்று அவரே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். திரையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தார். பனிக்காலத்து வயல் மாதிரி எல்லாம் ஒரே வெள்ளை. மனசுக்குள் 'தங்' என்று அவரே அடித்துக்கொண்டு எகிறினார்.

பொறுக்கிய நட்சத்திரமெல்லாம் சிதற, கீரி பள்ளத்துக்குள் போனது.

அவர் திரையைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார். அவ்வளவு அழகாகக் கேம் செய்தவனைப் பற்றிக்கூட அவர் இவ்வளவு வியந்ததில்லை. பட்டனைத் தொடாமல், கீரியைத் தொடாமல், ஒரு தென்னை மரத்தை வைத்து ஆடியிருக்கிறாள்.

"சரி" என்றார். "எப்பப் போகணும்?"

"சட்டையை மாட்டுங்க. ஆட்டோக்கார அஸார் வண்டியோட வாசல்ல நிக்கிறான்."

"இப்பவேவா? அவனை எப்ப வரச் சொன்னே?"

"நேத்தே சொல்லிட்டேன்."

நெடுஞ்செழியன் சட்டையில் ஒரு கையை நுழைத்தபடி நின்றார். "ஒருவேளை நான் ஜெயிச்சிருந்தா?"

"ஜெயிச்ச சந்தோஷத்துல, எங்க கூப்பிட்டாலும் வந்திருப்பீங்க."

வலது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. இடது கண்ணுக்கு வருகிற தை மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் விளக்கேற்றும்போது அந்த ஒரு கண்ணையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.