வாசலில் விட்டுவந்த சைபர்

அன்புள்ள அத்தைக்கு,

முதலில் மன்னித்துவிடுங்கள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் என்னிடமிருந்து "ம்" என்பதற்கு மேல் ஒன்றும் வராது என்று உங்களுக்கே தெரியும். தவிர, நீங்கள் எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அடுப்பு வேலை பார்ப்பீர்கள். நான் சொல்லப்போவது மாமாவுக்கும் உங்கள் மாடிவீட்டுக்காரர்களுக்கும் தெரிய வேண்டிய விஷயம் இல்லை. நீங்களும் மாமாவும் உங்கள் முழங்காலும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா நலம். அப்பா ரொம்ப நலம். பயமே அதுதான்.

வருகிற மாதம் முதல் திங்கட்கிழமை அப்பா என் ஆபீசுக்கு வரப்போகிறார். வந்து எங்கள் மேடத்தைப் பார்த்து, என் சம்பளத்தில் தவறுதலாகச் சேர்ந்துவிட்ட ஒரு சைபரைத் திருப்பிக் கொடுக்கப்போகிறார். அதற்காகவே வெள்ளைச் சட்டையின் காலரைத் திருப்பித் தைக்கக் கொடுத்தாகிவிட்டது. எப்படி ஆரம்பித்தது என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். சொன்ன பிறகும் புரியுமா என்று தெரியவில்லை.

செருப்பில் ஆரம்பித்தது. அப்பாவின் "அந்தக் காலத்துல" பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிஸ்கட் ஃபேக்டரியில் அடுப்புப் பக்கம் வேலைக்குச் சேர்ந்தபோது செருப்பு எட்டு, சட்டைத்துணி ஆறு, முடிவெட்ட ஒன்று, மிச்சத்தில் சினிமா என்று தினமும் ஒருமுறை சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. நீங்கள் ஒருமுறை வந்திருந்தபோது, "செருப்பு எட்டுதான்டா தம்பி. அந்த எட்டு இல்லாமத்தானே நீ வெறுங்காலோட வேலைக்குப் போனே" என்று சொன்னீர்கள். அன்று ஒரு நாள்தான் எங்கள் வீட்டில் பழைய விலை பேசாமல் சாப்பாடு நடந்தது. சரி, போன வருஷம் நானும் அம்மாவும் அவரைச் செருப்புக் கடைக்கு அழைத்துப்போனோம். கடைக்காரர் தொள்ளாயிரம் என்றார். அப்பா கால் அளவு பார்க்கிற அந்தச் சின்ன முக்காலியில் உட்கார்ந்தார், நெஞ்சில் கை வைத்தார், முகமெல்லாம் வியர்த்துவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு நெஞ்சுக்கு ஒன்றுமில்லை, ஆனாலும் அதிர்ச்சியான சமாச்சாரம் எதையும் காதில் போடாதீர்கள் என்று சொல்லி, அவருடைய கட்டணத்தைச் சொன்னார். நல்லவேளை, அப்பா அப்போது வெளியே இருந்தார்.

அன்று வீடு திரும்பும்போது அம்மா படிக்கட்டில் நின்று எனக்கு ஒரு சட்டம் போட்டாள். "இனிமே எது வாங்கினாலும் கடைசி சைபரை வாசல்லயே விட்டுட்டு உள்ள வரணும். தொள்ளாயிரம்னா தொண்ணூறு. புரிஞ்சுதா?" நான் "ம்" என்றேன். அதுதான் நான் செய்த தப்பு.

அத்தை, ஒரு சைபரை வெளியே நிறுத்துவது எவ்வளவு பெரிய வேலை என்று யாருக்கும் தெரியாது. அம்மா விலை ஸ்டிக்கரை எல்லாம் நகத்தால் சுரண்டி எடுக்கிறாள். பில்லைக் கடையிலேயே கிழித்துப் போட்டுவிட்டு வருகிறோம். அப்பா தானாகப் போகிற ஒரே இடம் முடிதிருத்தும் கடை, அதனால் அம்மா முன்கூட்டியே அங்கே போய்ப் பேசி, அப்பா இருபது கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், மீதி நூற்று எண்பதை நான் தந்துவிடுகிறேன் என்று ஏற்பாடு செய்தாள். அந்த இருபதுக்குக் கடைக்காரர் அப்பாவின் தலைக்கு எண்ணெய் தேய்த்து, கழுத்தைப் பிடித்துவிட்டு, தோளைத் தட்டி அனுப்புகிறார். அப்பா பளபளவென்று திரும்பி வரும்போது, "இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மனுஷனா" என்று அம்மா ஆச்சரியப்படுவாள். ஆனாலும் அப்பாவுக்குத் திருப்தி இல்லை. "இருபதா? நாங்க ஒண்ணுக்கு வெட்டிக்கிட்டோம். கொள்ளை" என்பார். பத்தில் ஒன்றாக்கினாலும் அவருடைய அந்தக் காலத்தை எட்டிப் பிடிக்க முடியவில்லை.

இதோடு நின்றிருந்தால்கூட நான் எழுதியிருக்க மாட்டேன். அப்பா எங்கள் வீட்டு மேஜை ஃபேன் நூற்றைம்பது என்று கீழ்வீட்டு அக்காவிடம் பெருமையாகச் சொல்லிவிட்டார். அவர் மறுநாளே நூற்றைம்பதைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கும் ஒண்ணு வாங்கிக் கொடுங்கக்கா" என்று அம்மாவிடம் வந்து நின்றார். அப்பா பக்கத்தில் நிற்கிறார். அம்மா என்ன செய்வாள், ஆயிரத்து ஐந்நூறு கொடுத்து வாங்கி நூற்றைம்பதுக்குக் கொடுத்தாள். அடுத்த வாரம் அந்த அக்காவின் நாத்தனாருக்கும் ஒன்று வேண்டும் என்று வந்தபோது, "அந்தக் கடையை மூடிட்டாங்கம்மா" என்று சொல்லித் தப்பித்தாள். அப்பா அன்றெல்லாம் வருத்தமாக இருந்தார். "நியாயமா வித்தான். அதான் மூடிட்டான்" என்று இரண்டு தடவை சொன்னார். அதைச் சொல்லும்போது அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படி எல்லா சைபரையும் வெளியே நிறுத்தினோமே தவிர, ஒன்று என் போன் வழியாக உள்ளே வந்துவிட்டது. போன சம்பள நாளன்று நான் குளித்துக்கொண்டிருந்தேன். போன் மேஜைமேல் கிடந்தது. வெளியே வந்தபோது அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டி, ஒவ்வொரு சைபராக விரலை வைத்து நகர்த்திக்கொண்டிருந்தார். பதினெட்டாயிரம். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இது ஒரு மாசத்துக்கா?" என்றார். நான் "ம்" என்றேன். போனைக் கண்ணாடிச் சாமான் மாதிரி மெதுவாக வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். செருப்பு தொண்ணூறு விற்கிற ஊரில் அவர் பெண் மாதம் பதினெட்டாயிரம் வாங்குகிறாள். இருநூறு ஜோடிச் செருப்பு. அப்படிச் சம்பளம் தருகிற கம்பெனி என்ன கம்பெனியாக இருக்கும் என்று ஒரு தகப்பன் பயப்பட மாட்டாரா? மறுநாள் காலை என்னை எதிரில் உட்காரவைத்து விசாரித்தார்.

"அங்க உனக்கு என்னம்மா வேலை?"

"புகார்ப் பிரிவுப்பா. ஃபிரிட்ஜ் சரியா ஓடலைன்னு எழுதுவாங்க. நான் பதில் போடணும்."

"ரிப்பேர் பண்ணணுமா?"

"இல்லப்பா. வருந்துகிறோம்னு எழுதணும்."

"மன்னிப்புக் கேக்கறதுக்கா சம்பளம்?" என்றார். "நான் சர்வீஸ் பூரா சூப்பர்வைசர்கிட்ட சும்மாதானேம்மா கேட்டேன்."

அம்மா அடுப்படியில் இருமினாள். அப்பா அப்புறம் நெட்டையன் கதையைச் சொன்னார். அவரோடு அடுப்பில் வேலை பார்த்தவனாம். ஒரு வாரம் கூலிக் கவரில் ஒரு நோட்டு அதிகமாக இருந்ததாம், சொல்லாமல் எடுத்துக்கொண்டானாம். அடுத்த வாரம் கேட்டிலேயே நிறுத்திக் கணக்கரிடம் அனுப்பினார்களாம், அதோடு வேலை போச்சாம். "தெரியாம போட மாட்டாங்கம்மா. போட்டுப் பார்ப்பாங்க. உன்ன இன்னும் நிரந்தரம் பண்ணலல்ல? நானே வந்து பேசிடறேன்" என்றார்.

எங்கள் மேடத்தை நீங்கள் பார்த்ததில்லை. எல்லோரும் மௌன மேடம் என்பார்கள். அவர் திட்ட மாட்டார். நாம் எழுதிய பதிலைப் படித்துவிட்டு, தாளை நம் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் அப்படி ஒரு ஜன்னல் பார்வைக்குப் பிறகுதான் வேறு வேலை தேடிக்கொண்டார் என்று சொல்கிறார்கள். நாற்காலி இன்னும் அவர் உயரத்துக்குத்தான் இருக்கிறது. எப்படி இறக்குவது என்று யாரையும் கேட்கத் தைரியம் இல்லாமல் காலைத் தொங்கவிட்டுக்கொண்டே வேலை பார்க்கிறேன். இதுவரை அவரிடம் நான் பேசியது "சரி மேடம்" மட்டும்தான்.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். "சொல்லு. செருப்புக் கடையில ஒரு விலைக்கே அப்படி ஆச்சு. இப்ப ஒரு வருஷத்து விலையையும் ஒண்ணாச் சொல்லப்போறியா?" என்றாள். கொஞ்சநேரம் கழித்து, "உங்க மேடத்துகிட்ட சொல்லி, அப்பா வரும்போது மட்டும் ஒரு சைபரைக் குறைச்சுச் சொல்லச் சொல்லேன்" என்றாள். முடிதிருத்தும் கடைக்காரரும் மௌன மேடமும் ஒன்று என்று நினைத்துவிட்டாள்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். அப்பா வந்து நிற்பது எனக்கு அவமானம் என்று நினைக்காதீர்கள், அது இல்லை. "எம்பொண்ணு செய்யற வேலைக்கு இவ்வளவு பெறுமாங்க?" என்று அவர் கேட்பார். மேடம் ஜன்னலைப் பார்ப்பார். யோசிப்பார். யோசித்தால் பெறாது என்று அவருக்குத் தோன்றிவிடும். எனக்கே சம்பளம் வருகிற ஒவ்வொரு மாதமும் யாரோ மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றுகிறது. நம் வீட்டில் யாரும் உட்கார்ந்துகொண்டு சம்பளம் வாங்கியதில்லை. அந்த ஆபீசில் என்னை வைத்திருப்பதே யாரும் சரியாகக் கவனிக்காததால்தான் என்று நினைத்துக்கொண்டு, கவனிக்கப்படாமல் போய் கவனிக்கப்படாமல் வந்துகொண்டிருக்கிறேன். அப்பா வந்து கவனிக்க வைத்துவிடுவார். வேலை போய்விடும் அத்தை. போனால் வாடகையில் சைபரைக் குறைக்க வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார்.

அப்பா கேட்பது உங்கள் பேச்சு ஒன்றைத்தான். அதனால் உங்களிடம் ஒன்று கேட்கலாம் என்று நினைத்தேன். இவ்வளவு எழுதிய பிறகும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. உங்களுக்குத் தோன்றியதைச் செய்யுங்கள். மாமாவுக்கு என் வணக்கம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். உங்கள் ஆசீர்வாதம் எனக்கு எப்போதும் வேண்டும், அந்தத் திங்கட்கிழமை காலை பத்து மணியளவில் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகள்

பின்குறிப்பு: அத்தை, மேலே எழுதியதை நம்பாதீர்கள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு உறை வாங்கக் கடைக்குப் போனேன். பக்கத்தில்தான் முடிதிருத்தும் கடை. அந்தக் கடைக்காரர் வாசலில் நின்று, "பாப்பா, ஒரு நிமிஷம். மனசு கேக்கல, சொல்லிடறேன்" என்று கூப்பிட்டார். அப்பா அவரிடம் முதல் தடவையிலிருந்தே முழு இருநூறும் கொடுக்கிறாராம். அம்மாவும் நூற்று எண்பது கொடுக்கிறாள். "ரெண்டு பேரும் மத்தவருக்குத் தெரிய வேண்டாம்ங்கறாங்க. நான் என்ன பண்ணட்டும்? அதான் எண்ணெய் தேய்ச்சு அனுப்பறேன்" என்றார். அப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் தலைக்கு மேலே கையைக் காட்டினார். சுவர் முழுக்க விலைப் பலகை. "உங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியாதா பாப்பா?" என்றார். பட்டம் வாங்கிய எனக்கு இது தோன்றவே இல்லை.

அப்பா ஏன் சொல்லவில்லை என்றால், "ஸ்டிக்கர் சுரண்டிச் சுரண்டி அவளுக்கு நகமே உடைஞ்சுபோச்சு. அவ்வளவு பாடுபட்டுச் சொல்ற பொய்யை எப்படிப்பா இல்லைங்கறது?" என்றாராம். ஆபீஸ் விஷயத்தையும் அங்கேதான் சொல்லியிருக்கிறார். "மாசம் பூரா மன்னிப்புக் கேட்டாலும் எம்பொண்ணுக்கு இருபது ஜோடிச் செருப்புதான் தேறுது. அவ வாயைத் திறந்து கேக்க மாட்டா. நான் போய்க் கேக்கப்போறேன்." திருப்பிக் கொடுக்க இல்லை அத்தை, கூட்டித் தரச் சொல்லி மௌன மேடத்திடம் கேட்கப்போகிறார். நெட்டையன் என்று ஒருவன் இருந்தானா என்பதே இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

அம்மாவிடம் சொல்லவில்லை. எனக்குப் பயம் குறையவில்லை, இரண்டு மடங்காகிவிட்டது. ஆனால் திரும்பி வரும்போது, நீங்கள் வேலை பார்த்த தையல் கூடத்தில் முதலாளி முன்னால் போய் நின்று கூலியைக் கூட்டிக் கேட்டீர்களே, அதை அம்மா சொல்வாள், அது ஞாபகம் வந்தது. அப்பாவின் அந்தக் காலத்தில் அந்தக் கதை மட்டும் ஏனோ வருவதில்லை. அதனால் கேட்டுவிடுகிறேன். அப்பாவைத் தடுக்க வேண்டாம். அந்தத் திங்கட்கிழமை காலை அவர் சட்டை போட்டுக் கிளம்பும் நேரத்தில் போன் செய்து, முழங்கால், மாமா, பழைய விலை எதையாவது பேசி ஒரு மணி நேரம் பிடித்து வையுங்கள். ஸ்பீக்கரில் போட்டாலும் பரவாயில்லை. அதற்குள் நானே போய் மேடத்திடம் கேட்டுவிடுகிறேன்.