யோருக்குப் போகிற ரயில்

என் மனைவி பொய்க்காரி. அவளிடமே பல தடவை சொல்லிவிட்டேன். இப்போது எழுதியும் வைக்கிறேன்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், ஆலங்குளத்திலிருந்து வடகரைக்குப் பெண் பார்க்கப் போனோம். "தம்பி இங்கிலீஷ்ல புலி" என்று என் அண்ணன் அங்கே அளந்துவிட்டிருந்தான். (எஸ்.எஸ்.எல்.சி.யில் கவிழ்ந்த புலி. கவிழ்த்ததே இங்கிலீஷ்தான்.)

பெண்ணின் அப்பா கூடத்துச் சுவரில் ஒரு இங்கிலீஷ் நற்சான்றைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். குற்றாலத்துக்குச் சீசனுக்கு வந்த ஒரு துரை, எண்ணெய் படிந்த பாறையில் வழுக்கித் தண்ணீரோடு போயிருக்கிறார். இவருடைய அப்பா துரையின் தலைமயிரைப் பிடித்துக் கரையில் இழுத்துப் போட்டாராம். அதற்கு நன்றியாகத் துரை எழுதிக் கொடுத்தது. அதை வாசித்து அர்த்தம் சொல்லுகிறவனுக்குத்தான் பெண் என்று மனுஷர் முடிவாக இருந்தார். செங்கோட்டை மாப்பிள்ளை ஒருவன் எழுத்து மங்கிவிட்டது என்று சொல்லி நழுவியிருக்கிறான். இதெல்லாம் எனக்கு அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் தெரியும்.

வாசித்தேன். பாதி புரிந்தது, பாதியை ஒப்பேற்றினேன். கடைசி வரியில் 'ஜென்டில்மேன் ஆஃப் யோர்' என்று இருந்தது.

"அந்தக் கடைசிச் சொல்லு என்னது மாப்பிள?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். என் வாய் அப்படிப்பட்ட வாய் அல்ல.

"யோரா? அது சீமையில ஒரு ஊரு மாமா. அந்த ஊர்க்காரனுவள மாதிரி யோக்கியனுவ உலகத்துலயே கிடையாது. ஒங்க அய்யாவ அவனுவளுக்குச் சமம்னு எழுதியிருக்கான்."

அதோடு விட்டேனா? "நெல்லும் நல்லா வெளையும்" என்றேன்.

கதவுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"ஏட்டி, என்னத்துக்குச் சிரிக்கே? இங்கன வா."

பெண் காப்பியோடு வந்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. (அண்ணனுக்கு அளக்கத் தெரியும், விசாரிக்கத் தெரியாது.)

"நீயுந்தான படிச்சே? இவரு சொல்லுதது நெசமா? அப்படி ஒரு ஊரு இருக்கா?"

அவள் என்னைப் பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் ஆலங்குளத்துக்கு வண்டி ஏற வேண்டியதுதான். எனக்கோ, அவளைப் பார்த்த பிறகு, அங்கிருந்து எழுந்திருக்கவே மனமில்லை.

டம்ளரை என் முன்னால் வைத்தாள். "இருக்குப்பா. லண்டனுக்கு வடக்க. ரயில்ல போகணும்."

கல்யாணம் நிச்சயமானது. தாலி கட்டி முடித்ததும் மாமா, தென்காசியிலிருந்து வந்திருந்த ஒரு தலைமை வாத்தியாரை நற்சான்று மாட்டிய சுவரடிக்கு இழுத்துக்கொண்டு போனார். "பாருங்க சார்வாள், எங்க அய்யா யோர் ஊர்க்காரனுக்குச் சமம்."

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். "ஊரா? எவன்வே சொன்னான்? யோர்னா பழங்காலம். இப்ப வெள்ளைக்காரனே பேச்சுல சொல்லமாட்டான். கதையிலயும் பாட்டுலயும்தான் வரும். அந்தக் காலத்துப் பெரிய மனுஷங்கள மாதிரி இவர்னு எழுதியிருக்கான்."

பந்தல் முழுக்க என்னைப் பார்த்தது. மாமா மகளைப் பார்த்தார். அவள் குனிந்து மாலையில் பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நான் மணவறைப் பலகைக்கு அடியில் புகுந்துகொள்ள இடம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

மாமா அந்த வரியைக் கண்ணாடிமேல் விரலால் தடவினார். "அந்தக் காலத்து மனுசன்தான். துரை சரியாத்தான் எழுதியிருக்கான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "ஏ மாப்பிள, யோருக்கு ரயிலு எத்தன மணிக்கு?"

அன்று சிரித்தவர்கள் இன்னும் நிறுத்தவில்லை. எங்கள் குடும்பத்தில் யார் புளுகினாலும் "யோருக்கு டிக்கெட் எடுத்தாச்சா?" என்பார்கள். நான் நிஜத்தைச் சொன்னால்கூடப் பேத்தி ரயில் மாதிரி ஊதுகிறாள்.

அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னாய் என்று எத்தனையோ தடவை கேட்டாயிற்று. "அடுப்புல பால் இருக்கு" என்று எழுந்து போய்விடுகிறாள். இந்த ஆடிச் சாரலுக்குக் குடும்பம் முழுக்கக் குற்றாலத்தில் கூடுகிறது. அங்கே அடுப்பும் கிடையாது, பாலும் கிடையாது. பிள்ளைகள், மருமக்கள், பேரன் பேத்திகள் அத்தனை பேர் முன்னாலும் அவள் பதில் சொல்லியாக வேண்டும்: பெண் பார்க்க வந்த அன்றைக்கு முன்னால் நீ என் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை, நான் புளுகுகிறேன் என்றும் உனக்குத் தெரியும். அப்படியிருந்தும் என்னத்தைக் கண்டு என்னை இருக்க வைத்தாய்?